யாரிடமிருந்து எடுப்பது

பொறாமை வந்தால் எனக்குப் பசி போய்விடும். சிலருக்குத் தலை இடிக்கும், சிலருக்கு நித்திரை வராது, எனக்குச் சோறு இறங்காது. இது என் உடம்பின் குணம். என் கணவர் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார். நான் தட்டைத் தள்ளி வைத்தால் காய்ச்சலா, வயிற்றுவலியா என்று கேட்கமாட்டார். "இண்டைக்கு ஆரப்பா?" என்றுதான் கேட்பார். கொஞ்சக் காலமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அவள்தான், வேறு யார்?

அவள் என்னோடு வேலை செய்பவள். வயதில் என்னைவிட இளையவள், என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுபவள். அவள்மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் அவள்மீது எனக்குள்ள பெரிய குறை. நாலு பேரிடம் சொல்லி ஆறுவதற்குக்கூட அவள் ஒன்றும் வைக்கவில்லை. பொய் சொன்னாள், கோள் மூட்டினாள், என் வேலையைத் தன்னுடையது என்று காட்டினாள் என்று எதையாவது சொல்ல முடிந்திருந்தால் நான் இரண்டு வாரத்தில் தேறியிருப்பேன்.

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு வீட்டின் மேல்மாடி. மருந்துக்கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பாசிக்குடா ஹோட்டல்களுக்கும் மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். நடத்துபவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். நல்ல மனிதர், ஆனால் நாட்காட்டியில் கெடு நாளைப் பார்க்கும் அளவுக்கு மென்பொருளின் நிரலைப் பார்க்கமாட்டார். அவருக்குக் கீழே நான். எனக்குப் பிறகு வந்த இரண்டு இளைஞர்கள், ஒருவன் ஆரையம்பதி, மற்றவன் செட்டிபாளையம். கடைசியாக வந்தவள் அவள். அவளுக்கு ஊர் களுதாவளை.

நான் அங்கே சேர்ந்தபோது எங்கள் நிரல் முழுவதும் பென் டிரைவ்களில் குடியிருந்தது. ஒன்றில் 'ஹோட்டல் கடைசி' என்று ஒரு கோப்புறை இருக்கும், இன்னொன்றில் 'ஹோட்டல் இதுதான் கடைசி' என்று இருக்கும். எது உண்மையிலேயே கடைசி என்பது அண்ணனுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. ஒருமுறை பழையதைப் புதியதின்மேல் போட்டு ஒரு வாரத்து வேலையை அழித்துவிட்டோம். அதன்பிறகுதான் நான் ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவந்தேன். நான்தான் கொண்டுவந்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இனி வரும் எரிச்சலுக்கெல்லாம் அதுதான் காரணம்.

அதன் வேலை எளிது. நிரலில் ஒரு மாற்றத்தைச் செய்து முடித்ததும், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று ஒரு வரி எழுதிப் பதிந்து வைக்க வேண்டும். பதிந்தவரின் பெயரும் அதோடு நிற்கும். பிழையாகிப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். இன்னொருவர் செய்த மாற்றங்களை அவருடைய கணினியிலிருந்து எடுத்து நம்முடையவற்றோடு சேர்க்கலாம். இதைத்தான் நாங்கள் 'எடுப்பது' என்போம். தொடக்கம் முதல் இன்றுவரையான முழு வரலாறும் ஒவ்வொருவருடைய கணினியிலும் முழுதாகவே இருக்கும். நடுவில் பெரிய கணினி ஒன்று தேவையில்லை. இணையம் போனாலும் மின்சாரம் போனாலும் அவரவர் தம் பாட்டில் வேலை செய்துவிட்டு, சந்திக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் பாவிக்கிற பெரிய முறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் கட்டளைகளைப் பாடமாக்கவே தனியாக டியூஷன் வைக்க வேண்டும். நான் தேடிப் பிடித்தது சின்னது. ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அன்று எல்லோரையும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் இருத்தி நான் விளக்கியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"இதுல பெரியாள் எண்டு ஒருத்தரும் இல்ல. எல்லாரிட்டயும் முழுசா இருக்கும். ஆரிட்ட இருந்தும் எடுக்கலாம்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! பலகை முழுவதும் வட்டம் போட்டு, வட்டங்களுக்கு இடையே கோடு இழுத்து, நடுவில் ஒன்றும் இல்லை பாருங்கள் என்று காட்டினேன். ஆனால் பலகையில்தான் நடுவில் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் நடுவில் நான் இருந்தேன். முதல் பிரதி என்னிடம் இருந்தது, முறை தெரிந்தவளும் நான்தான். அதனால் எல்லோரும் என்னிடமிருந்து எடுத்தார்கள், நான் எல்லோரிடமிருந்தும் எடுத்தேன். காலையில் படியேறி வந்ததும் இளைஞர்கள் பையை வைக்க முதல், "அக்கா, உங்கட்ட இருந்து எடுக்கட்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் என் பதவி. சம்பளத் துண்டில் அந்தப் பதவி இல்லை, ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் சும்மா எடுப்பவளும் இல்லை. அவர்கள் செய்த மாற்றங்களை ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். வாசித்தால் பிழை தெரியும். பிழை தெரிந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, இதுக்கு இப்பிடியா பேர் வைக்கிற? உங்கட வீட்டு ஆட்டுக்குட்டிக்காவது நல்ல பேர் வச்சிருப்பீங்களே" என்பேன். "இத எழுதக்குள்ள நித்திரையா?" என்பேன். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போய்த் திருத்திக்கொண்டு வருவார்கள். நிரல் சுத்தமாக இருந்தது. யார் இல்லையென்று சொல்ல முடியும்?

பிறகு அவள் வந்தாள். தகப்பனுக்கு வெற்றிலைத் தோட்டம், இவள் பல்கலைக்கழகம் முடித்த கையோடு நேரே எங்களிடம். நான் ஒரு பிற்பகல் தேவை என்று நினைத்த முறையை அவள் தேநீர் ஆறுவதற்குள் பிடித்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. மாற்றத்தைப் பதியும்போது எழுதுகிற அந்த ஒரு வரி இருக்கிறதே, அதில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. இளைஞர்கள் 'சரிசெய்தது' என்று எழுதுவார்கள். நான் 'அறைப் பகுதியில் பிழை திருத்தம்' என்று எழுதுவேன். அவள் எழுதினாள்: 'விருந்தினர் ஒருநாள் முந்திப் புறப்பட்டால் அறை அன்றே காலி என்று காட்டும். இதுவரை மறுநாள்தான் காட்டியது.'

இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? நிரலைத் திறக்காமலே விளங்குகிறது. அண்ணனுக்கே விளங்கியது. "அட, வாசிக்க நல்லாயிருக்கே" என்றார். அத்தனை வருடம் நான் எழுதியதை அவர் வாசித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அன்று மத்தியானம் நான் கொண்டுபோன சோற்றுப் பார்சல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து நானும் நீளமாக எழுதிப் பார்த்தேன். என்னுடையவை பிரதேச செயலக அறிவித்தல் மாதிரி இருந்தன.

அப்போதுதான் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாத அந்தக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பகலில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. அண்ணன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றுவிட்டார். வேறு நிறுவனங்கள் தடுமாறிய நேரத்தில் நாங்கள் ஒரு நாள்கூட நிற்கவில்லை. என் சின்ன முறை எங்களைக் காப்பாற்றியது. அண்ணனின் கார் பெற்றோல் வரிசையில் நாள் கணக்கில் கிடக்கும், நாங்கள் அந்த வரிசைக்கே போவோம். காரின் முன்மூடிமேல் மடிக்கணினிகளை வைத்து, போன் மூலம் இணைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்போம். வரிசையில் நின்ற சனம் எங்களைப் பெற்றோல் பகுதி ஆட்கள் என்று நினைத்து, "மிஸ், பெற்றோல் பவுசர் எப்ப வரும்?" என்று கேட்கும். எங்களுக்குத் தெரியாது என்றால் நம்பமாட்டார்கள். ஒரு ஐயா கோபித்துக்கொண்டு, கணினியில் பார்த்துவிட்டு மறைக்கிறீர்கள் என்று ஏசிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் நான் மிதந்துகொண்டிருந்தேன். "உன்ட இந்த ஐடியா இல்லாட்டி நாங்க முடிஞ்சம் புள்ள" என்று அண்ணன் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவளும் ஓம் என்று தலையாட்டினாள். அவள் தலையாட்டியது எனக்கு அண்ணன் சொன்னதைவிட இனித்தது.

பிறகு இளைஞர்கள் வரிசைப் பக்கம் வருவது குறைந்தது. என் வீட்டுக்கும் வரவில்லை. பாவம், எப்படி வருவார்கள், சைக்கிளுக்கு ரயர் வாங்கவே ஏலாத காலம் என்று நான் இரக்கப்பட்டேன். இரக்கப்பட்டு, அவர்கள் எடுக்காமலே எப்படி வேலை நடக்கிறது என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஆனி மாதம் களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழா. எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா நாட்களைக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். குடி என்பது தாய்வழி வருவது. தாய்க்கு எந்தக் குடியோ பிள்ளைக்கும் அதுதான். அவளுடைய தாயின் குடிக்குரிய நாளன்று எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பூசை முடிந்து அவள் வீட்டில் பந்தி. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு நல்ல பசி, அதைச் சொல்லத்தான் வேண்டும். கத்தரிக்காய்ப் பால்கறியின் மணம் வாசல்வரை வந்தது.

சோறு வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஆரையம்பதித் தம்பி மடிக்கணினியைத் திறந்து, ஒரு பிழை பிடிபடுகுதில்லை அக்கா, பாருங்கள் என்றான். பார்த்தேன். பிழை கண்ணில் படவில்லை. அவனுடைய கணினி எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டும் வரி கண்ணில் பட்டது. அதில் என் பெயர் இல்லை.

"தம்பி, நீங்க இப்ப ஆரிட்ட இருந்து எடுக்கிற?"

"அக்காட்ட இருந்துதான்."

"எந்த அக்காட்ட?"

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். அங்கே அவள் அகப்பையோடு நின்றாள்.

"ஆரையம்பதியில இருந்து என்ட வீடு கிட்டவா, இந்த வீடு கிட்டவா?"

"உங்கட வீடுதான் அக்கா கிட்ட."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிற?"

அவன் கணினித் திரையைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. செட்டிபாளையத்தான்தான் வாய் திறந்தான். அவனுக்குப் பகிடி கதைக்காவிட்டால் சாப்பாடு செமிக்காது.

"உங்கட்ட எடுக்க வந்தா ஏச்சும் சேர்ந்து வருமே அக்கா!"

பந்தி முழுவதும் சிரித்தது. எங்களை முன்பின் தெரியாத சொந்தக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? இலையில் சோறு விழுந்தது, கறி விழுந்தது, பாயாசமும் வந்தது. ஒன்றும் இறங்கவில்லை. அவள் வந்து குனிந்து, "என்னக்கா, கை வைக்கவே இல்லயே, உறைப்பா?" என்று கேட்டாள். உறைப்புத்தான் புள்ள என்றேன். அவள் உண்மையென்று நம்பி எனக்கு மோர் கொண்டுவந்து தந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் வழக்காடினேன். ஏசாமல் எடுத்தால் பிழையும் சேர்ந்துதானே உள்ளே வரும்? வீட்டுக்கு வந்து, அங்கே எடுத்துக்கொண்டு வந்த அவளுடைய பிரதியைத் திறந்து, பிழை பிடிக்கவென்றே வாசித்தேன். அவள் என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் கொண்டுவருவதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறாள். பிறகு அதில் உள்ள கோணலைத் தானே நிமிர்த்தி, 'பெயரை மாற்றினேன், அடுத்தவருக்கு விளங்கட்டும் என்று' என ஒரு வரி எழுதிப் பதிகிறாள். அடுத்தமுறை அந்தத் தம்பி வைத்த பெயர் நன்றாக இருக்கிறது. நான் அத்தனை காலம் தொண்டை கிழிய ஏசியும் வராத பெயர் அது. இது செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டுப்போன ஒரு வரியையும் என்னால் காட்ட முடியவில்லை.

அண்ணன் என்னை விலக்கி அவளை வைத்திருந்தால் எனக்கு நிம்மதி. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், நாலு நாள் வராமல் விட்டிருப்பேன். ஒருவரும் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுக்கிற இடம் மட்டும் ஒவ்வொரு கணினியாக மாறிக்கொண்டு போனது. உட்கார ஒரு கதிரை இருந்தால்தானே இழுத்து எறிந்துவிட்டார்கள் என்று கத்தலாம்? எங்கள் முறையில் கதிரையே இல்லை என்று வட்டம் போட்டுக் காட்டியவள் நான்.

அதற்குப் பிறகு நான் அவளிடமிருந்து எடுப்பதை நிறுத்தினேன். முழுப் பிரதியும் என்னிடம் இருக்கிறது, எனக்கு ஒருவரும் தேவையில்லை. நான் கொண்டுவந்த முறை அதற்கும் இடம் கொடுத்தது. எரிபொருள் வந்து அலுவலகம் திறந்த பிறகும் நான் அப்படியே இருந்தேன். அவள் பக்கத்து மேசையில் அவளுடைய பாதையில் போனாள், இளைஞர்கள் அவள் பின்னால் போனார்கள், நான் தனியே என் பாதையில் போனேன். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குச் சமையலறைக் களஞ்சியக் கணக்குப் பகுதி எழுத வேண்டியிருந்தது. அதை நான் ஆசையோடு எழுதினேன். பார்த்தவர்கள் வாய் பிளக்க வேண்டும், மறுபடியும் என் மேசைக்கு வந்து எடுக்கட்டா என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கணவர் கணித ஆசிரியர், டியூஷன் கொடுப்பவர். எதையும் நிறுவிக் காட்டாமல் விடமாட்டார். "ஆரிட்ட இருந்தும் எடுக்கலாம் எண்டு சொன்னது நீதானே? அப்ப அவட்ட இருந்து எடுக்கிறதும் சரிதானே?" என்றார்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க."

"நான் சாப்பிட்டுட்டன். நீதான் சாப்பிடல்ல."

பாசிக்குடாவில் சீசன் தொடங்கும் நேரம் வந்தது. புதிய பதிப்பைப் போட்டுக் கொடுக்க ஒரு வானில் எல்லோரும் போனோம். ஹோட்டலின் பின்பக்கத்து அறையொன்றில் எங்களை இருத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைகளைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"சரி, மறுகா ஆர்ட கொம்பியூட்டர்ல இருந்து போடுறது?"

மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள் திறந்திருந்தன, அவளுடையதும் என்னுடையதும். இளைஞர்கள் இரண்டு பேருடைய கண்ணும் அவளுடைய கணினிக்குப் போனதைக் கண்டேன். அந்த ஒரு பார்வைக்காக இருவரையும் கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது, ஆனால் பாசிக்குடாக் கடலில் தள்ளினால் இடுப்புக்குமேல் நனையாது.

"என்ட பிரதியில களஞ்சியம் முழுக்க இருக்கு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஓம், அக்காட இல்லாம எப்பிடிப் போடுற?" என்றாள் அவள். "அக்கா, என்னட்ட இருந்து நீங்க எடுத்துச் சேருங்க. ரெண்டும் உங்களுக்குத்தான் விளங்கும்."

அவள் சண்டைக்கு வந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராக வந்திருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வானில் வரும்போதே கோத்து வைத்திருந்தேன். அத்தனையும் வீணாய்ப் போயின. நான் அவளிடமிருந்து எடுத்தேன், மாதக்கணக்குக்குப் பிறகு.

இரண்டு பிரதிகளைச் சேர்க்கும்போது, அவரவர் வெவ்வேறு இடத்தில் எழுதியதை முறை தானே சேர்த்துவிடும். இருவரும் ஒரே இடத்தில் வெவ்வேறு விதமாக எழுதியிருந்தால்தான் நின்று, எதை வைப்பது என்று கேட்கும். எங்களுடையவை அநேகமாகச் சண்டையில்லாமல் சேர்ந்தன. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஒரே ஓர் இடத்தில் நின்றது. மீன்.

அந்தப் பகுதியை நானும் எழுதியிருந்தேன், அவளும் எழுதியிருந்தாள். அவள் ஒளித்து எழுதவில்லை, தெரிந்துகொள்ள நான் எடுக்கவில்லை. ஹோட்டலுக்கு வருகிற மீனை நான் கிலோவில் மட்டும் பதியும்படி வைத்திருந்தேன். கழிவு போக எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு என்று நுணுக்கமாகக் கணக்குப் பார்த்து, பிழையான எண் வந்தால் மறுக்கும்படியும் செய்திருந்தேன். அவளுடையதில் கூடை இருந்தது. கல்குடாக் கரையிலிருந்து மீன் கூடையில்தான் வருகிறது, வந்ததும் கூடையாகத்தான் எண்ணி எடுக்கிறார்கள், ஐஸ் வடிந்த பிறகுதான் நிறுக்கிறார்கள். அவள் ஹோட்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வாவிக் கரையில் கூறு போட்டு விற்கிற மீனைக் கண்ணால் மதித்து வாங்கியே வளர்ந்தவள் நான். ஒரு நாளும் தராசைத் தேடியதில்லை. ஏ.சி. போட்ட ஹோட்டல் என்றதும், அங்கே மீன்கூடக் கிலோவாகத்தான் நீந்தும் என்று நினைத்துவிட்டேன்.

என்னுடையதை வை, அவளுடையதை அழி என்று ஒரே அழுத்தில் முடித்திருக்கலாம். விரல் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. ஆனால் கிலோ மட்டும் கேட்கிற மென்பொருளைக் கொடுத்தால் நாளைக் காலையே மீன் வரும்போது களஞ்சியக்காரர் திணறுவார், அண்ணனுக்குப் போன் வரும், அண்ணன் களுதாவளைக்கு அவளுக்குப் போன் பண்ணுவார். அதைக் கற்பனை செய்ததும் விரல் திரும்பிவிட்டது. கூடையில் பதிந்து, நிறுத்த பிறகு கிலோவாக்கி, என் கழிவுக் கணக்கையும் மறுப்பையும் அதன்மேல் வைத்து எழுதினேன். மத்தியானமாகிவிட்டது. பதியும்போது அந்த ஒரு வரி எழுத வேண்டும் அல்லவா? 'மீன் கூடையாக வந்தாலும் ஏற்கும், நிறுத்த பிறகு கழிவு பார்க்கும்' என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் அது அவள் எழுதுகிற மாதிரி இருந்ததைக் கண்டேன். அழித்து எழுத நேரமில்லை.

என் கணினியிலிருந்துதான் போட்டோம். களஞ்சியக்காரர் காலையில் வந்த கூடைகளைப் பதிந்து பார்த்தார், நிறையைப் போட்டார், எல்லாம் ஓடியது. "இது வடிவா வேலை செய்யுது மிஸ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று ஹோட்டல் குசினியில் எங்களுக்குச் சாப்பாடு. நண்டுக் கறியை நான் இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். சேர்த்தது நான், போட்டது என்னுடையது, இப்போது உலகத்தில் புதிய பதிப்பு இருக்கிற ஒரே இடம் என் மடிக்கணினி. இனி எல்லோரும் என்னிடமிருந்துதான் எடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை. ஓடையில் கிடந்த மீனைக் கையால் பிடித்த சந்தோசம் எனக்கு.

பின்னேரம் வான் வாழைச்சேனைப் பாலத்தைத் தாண்டும்போது நான் முன் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். போனில் இணைப்பைப் போட்டேன். எடுப்பதற்கு எல்லாம் ஆயத்தம். ஒருவரையும் கூப்பிடவில்லை, அவர்களாகக் கேட்கட்டும் என்று முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னால் மடிக்கணினி திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, எடுக்கப் போறன், உங்கடதத் திறந்து விடுங்க" என்றான் ஆரையம்பதித் தம்பி.

"திறந்துதான் தம்பி இருக்கு" என்றேன், எவ்வளவு முயன்றும் சிரிப்பை மறைக்க முடியாமல்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டிருந்தான். இப்போது யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசு என்னட்ட இல்ல தம்பி" என்றாள் அவள். "அக்காட்டத்தான் இருக்கு. அவட்ட எடுங்க."

அவன் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான். வானில் தாழ்த்திச் சொல்வது யாருக்குக் கேட்காமல் போகும்? "அவ ஏசுவா" என்றான்.

"ஏசமாட்டா. நான் சொல்றன்தானே, எடுங்க."

எடுத்தான். அவனைப் பார்த்துச் செட்டிபாளையத்தானும் எடுத்தான். பிறகு அவளும் எடுத்தாள். என் திரையில் ஒவ்வொரு பெயராக வந்து போனது. எத்தனையோ மாதம் நான் ஏங்கிக் கிடந்தது அதுதான், மூன்று பேரும் என்னிடமிருந்து எடுக்கிறார்கள்.

"பாத்தியா புள்ள, மறுகா எல்லாரும் உன்னட்டத்தான்" என்றார் அண்ணன், மனம் நிறைந்து.

ஓம் என்றேன். அவர்கள் என்னிடம் வந்தார்கள்தான். எடுங்க என்று அவள் சொன்னாள், வந்தார்கள். அவள் பேசாமல் இருந்திருந்தால், புதிய பதிப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் மட்டக்களப்புவரை அப்படியே இருந்திருப்பேன்.